கற்பிட்டிக்குப் போனோம், கடற்பசுவைக் காணவில்லை

கண்டியிலிருந்து எங்கள் மாமா குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார். வந்த அன்றே மாமாவின் மகள் என்னிடம், "புத்தளத்தில இருக்கிறீங்க, எத்தன தடவ டொல்பின் பாத்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து விமானமேறி வருபவர்கள் பார்த்துவிட்டுப் போகும் ஒன்றை, முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் பார்த்ததில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்பது வேறு.

எனவே பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வானில் ஏறினோம். வாப்பா, உம்மா, மாமா, மாமி, பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர். உம்மும்மா மட்டும் வரவில்லை. "நான் அந்தக் கடலப் பாத்துத்தான் வளந்தேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அவர் பிறந்தது கற்பிட்டிப் பாதையிலுள்ள ஏத்தாளையில்.

பாலாவிச் சந்தியில் வான் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் வரவில்லை. முன்விளக்கின் ஒளியில் பாதையோரமாக ஏழெட்டுக் கழுதைகள் நின்றன. அரபு வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்குக் கழுதை என்றால் பாதைக்கு இடைஞ்சல். கண்டிப் பிள்ளைகளோ வானை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர்கள் கணக்கில் அன்றைய முதலாவது வனவிலங்கு அதுதான்.

நாங்கள் போன இடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தில் புத்தளம் மாவட்டத்தைப் பாருங்கள். வடக்கு நோக்கி நீட்டிய ஒரு விரல் போலக் கற்பிட்டித் தீபகற்பம் கிடக்கும். விரலுக்கு மேற்கே திறந்த கடல். கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த புத்தளம் களப்பு. விரலின் அகலம் பல இடங்களில் நடந்து கடக்கக்கூடிய அளவுதான். ஆனால் அதன் இரு பக்கங்களும் இரண்டு வேறு உலகங்கள். மேற்கே கரையிலிருந்து சில கிலோமீற்றர் போனதும் கடலடித் தரை சரிந்து நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கிழக்கே களப்பின் பெரும்பகுதியில் ஓர் ஆள் எழுந்து நிற்கலாம். ஆழத்தில் ஒரு வகை உயிர்களும் ஆழமின்மையில் வேறு வகை உயிர்களும் வாழ்கின்றன. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்க்கக்கூடிய இடம் இது.

நுரைச்சோலையைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தென்னந்தோப்புகளுக்கு மேலே தெரிந்தது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற் மின்சாரம் தரும் நிலையம் அது. முதலாவது இயந்திரம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. அதற்குரிய நிலக்கரியைக் கப்பலிலிருந்து படகுகளுக்கு மாற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடலில் அதைச் செய்ய முடியாது. எனவே ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான அமைதிக் காலத்திலேயே நிலக்கரி இறக்குகிறார்கள். டொல்பின் பார்க்கப் படகு போவதும் அதே மாதங்களில்தான். எங்கள் வீட்டில் மின்விளக்கு எரிவதற்கும் நாங்கள் அன்று கடலுக்குப் போனதற்கும் ஒரே காற்று இடம் விட வேண்டியிருந்தது.

கண்டக்குழிக் கரையில் ஏழு மணிக்குப் படகேறினோம். அபாயாவுக்கு மேல் உயிர்காப்பு அங்கி மாட்டிய எங்கள் எல்லோரையும் பார்த்து வாப்பா சிரித்தார். படகோட்டி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். அதிகம் பேசவில்லை. அரைமணி நேரம் போனபின் கரை ஒரு பச்சைக் கோடாக மாறியது. இன்னும் சற்று நேரத்தில் அதுவும் இல்லை. மாமாவின் முகம் வெளிறத் தொடங்கியது. அந்த நேரத்தில் படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, "அங்க பாருங்க" என்றார்.

முதலில் நீர் கொதிப்பது போலத் தெரிந்தது. பிறகு முதுகுகள், பத்து, ஐம்பது, எண்ண முடியவில்லை. ஒன்று நீரைவிட்டு நேரே எழும்பி, அந்தரத்தில் பம்பரம் போல் தன்னைத்தானே சுற்றி, விலாப்பக்கமாக விழுந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்று உம்மா சொன்னது எனக்குக் கேட்டது. அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொன்று சுழன்றது.

நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டொல்பின்களில் பல இனங்கள் உண்டு. கற்பிட்டியில் பெருங்கூட்டமாகக் காணப்படுவது சுழலும் இனம். ஒரே பாய்ச்சலில் ஏழு தடவை வரைகூடச் சுழலக் கூடியது. ஏன் சுழல்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் இரண்டு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுமீனை உதறுவதற்காக என்பது ஒன்று. விழும்போது எழும் ஓசையால் கூட்டத்தோடு பேசுவதற்காக என்பது இன்னொன்று. அது ஏன் இங்கே திரள்கிறது என்பதற்குரிய விடை மேலே சொன்ன சரிவில் இருக்கிறது. பகலில் ஆழத்தின் இருளில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இரவானதும் மேலே ஏறி வரும். சுழலும் டொல்பின்கள் இரவில் அவற்றைத் தின்னும். ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் நமக்குக் காலை உணவுக்கு முன்னரே அவற்றைப் பார்க்க முடிகிறது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறு படகுகளும் வந்து சேர்ந்தன. இரண்டு படகுகள் கூட்டத்தின் நடுவே வேகமாகப் புகுந்தன. டொல்பின்கள் ஒரே கணத்தில் மூழ்கி, வெகுதூரத்தில் எழும்பின. மாமா எங்கள் படகையும் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். படகோட்டி தலையை ஆட்டி மறுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். "துரத்தினா ஓடும் சேர். நிண்டா அதுவா வரும்" என்றார். கால்மணி நேரம் அலையில் ஆடிக்கொண்டு நின்றோம். மாமா காலைத் தேநீரைக் கடலுக்குக் கொடுத்தார். அதன்பிறகு அவை வந்தன. படகுக்கு அடியால் போகும்போது ஒன்றின் கண்ணை நான் பார்த்தேன். காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்ற எண்ணத்தில் படகோட்டிகளை விரட்டச் சொல்பவர்கள் நம்மைப் போன்ற பயணிகள்தாம். படகோட்டிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

திரும்பும் வழியில் வடமேற்கே ஒரு நீர்ப்புகை எழும்பியது. நேரே மேலே போகாமல் முன்பக்கமாகச் சரிந்து எழும்பியது. அம்பர் திமிங்கிலம் என்றார் படகோட்டி. அதன் மூச்சுத்துளை தலையின் முன்புறத்தில், இடப்பக்கமாக அமைந்திருப்பதால் புகை அப்படிச் சரிகிறது. இன்னும் இரண்டு தடவை மூச்சுவிட்டது. பின் வால் மட்டும் தெரிந்து மறைந்தது. ஆயிரம் மீற்றருக்கும் கீழே கணவாய் தேடிப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வேறெங்கோ எழும்பும் பிராணி அது. நாங்கள் காத்திருக்கவில்லை. மாமாவின் நிலைமை அதற்கு இடம் தரவில்லை.

ஆனால் அந்தப் பெயர் வாப்பாவுக்கு ஒரு கதையை நினைவூட்டியது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரைப் பக்கமாக அனுப்பப்பட்டார்கள். உணவு தீர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, அதுவும் தீர்ந்து இலைகளைத் தின்னும் நிலை வந்தது. அப்போது கரையில் சிறு குன்று போன்ற ஒரு பெரிய மீன் ஒதுங்கிக் கிடந்தது. அதன் பெயர் அன்பர். அரை மாதம் அதை உண்டார்கள். அதன் விலா எலும்பை நிறுத்தி, அதன் கீழே ஓர் ஒட்டகத்தைப் போகச் செய்தார்கள். மதீனாவுக்குத் திரும்பியபின் நபி (ஸல்) அவர்களும் மிஞ்சியதிலிருந்து உண்டார்கள். அரபியில் இன்றும் இந்தத் திமிங்கிலத்துக்கு ஹூதுல் அன்பர் என்றுதான் பெயர். அத்தர் வியாபாரிகள் பேசும் அம்பரும் இதன் குடலில் உண்டாவதே. மத்ரசாவில் நான் எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அந்தப் பிராணி நம் கடலில் மூச்சுவிடும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

கரையேறியதும் கற்பிட்டிக்குப் போனோம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் கடற்படை முகாம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். படகோட்டி சொன்ன பவளப்பாறைத் திட்டுக்கும் போகவில்லை. 1992 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அந்த இடத்தில் 1998 இல் கடல் வெப்பமேறியபோது பவளங்கள் வெளுத்து, பெருமளவில் இறந்தன. மீண்டு வந்தவை 2016 இல் மீண்டும் வெளுத்தன. ளுஹர் தொழுதுவிட்டு, பகலுணவுக்கு இறால் கறியும் சூரை மீனும் சாப்பிட்டோம். மாமா வெறும் சோடா குடித்தார்.

அஸருக்கு முன் வாப்பா எங்களைக் களப்புப் பக்கம் அழைத்துப் போனார். காலையில் பார்த்ததற்கு நேர்மாறான நீர். அலையே இல்லை. மரத்தாலான சிறு இறங்குதுறையில் மண்டியிட்டுக் கீழே பார்த்தேன். முழங்கால் ஆழத்தில் பச்சைப் புல்வெளி அசைந்துகொண்டிருந்தது. கடற்புல். பலரும் இதைப் பாசி என்று நினைக்கிறார்கள். பாசியல்ல. வேரும் இலையும் உண்டு. நீருக்குள்ளேயே பூக்கும், நீரே மகரந்தத்தைக் கொண்டுசெல்லும். இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் வளர்வது இதற்குள்தான். நாங்கள் பகலில் சாப்பிட்ட இறாலும் இங்கே ஒளிந்து வளர்ந்ததாக இருக்கலாம்.

பக்கத்தில் வயதான ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வாப்பா ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். புல்லைப் பார்க்க வந்த ஆட்களை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். "என்ன மகள், புல்லில என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். கடற்பசு மேய்ந்த தடம் தெரியுமா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

கடற்பசு கடற்புல்லை மேயும்போது வேரோடு பிடுங்கித் தின்னும். அதனால் புல்வெளியில் கலப்பை ஓட்டியது போல ஒரு கோடு விழும். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதை நேரில் பார்க்க ஆசை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதற்கு ஆவுளியா என்று இன்னொரு பெயர் உண்டு. சிங்களத்தில் முஹுது ஊரா, அதாவது கடற்பன்றி. மூன்று மீற்றர் வரை வளரும், நானூறு கிலோ நிறை வரும், நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் தின்னும். பார்வைக்கு சீல் போன்று இருந்தாலும் தரையில் அதற்கு நெருங்கிய உறவு யானை. யானையைப் போலவே பால் சுரக்கும் இடம் முன்னங்கால்களின், அதாவது முன் துடுப்புகளின் பக்கத்தில் இருக்கிறது. மீன் அல்ல என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மீனைப் போல் உயிரோடு கிடக்காது. நீரிலேயே மூச்சடங்கி இறந்துவிடும்.

"இப்பவும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது எண்டுதான் சொல்றாங்க. ஒல்லாந்தர் குடாப் பக்கம், போர்த்துக்கேயர் குடாப் பக்கம். நான் கண்டு கனகாலம்" என்றார். பின் வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "திருக்கைக்கு விடுற பெரிய கண்ணு வலையிலதான் அது படும். விடியப் போய்ப் பாத்தா மூச்சில்ல. வலையும் கிழிஞ்சு போயிருக்கும். அத அறிவிச்சா விசாரணை, அறிவிக்காட்டிக் குத்தம். வலைக்கு ஆர் காசு தாறது? அறுத்துக் கடல்ல விட்டுட்டு வாறவனும் இருக்கான். வெட்டிக் கொண்டுவாறவனும் இருக்கான்."

அவர் யாரையும் நியாயப்படுத்தவில்லை. நடப்பதைச் சொன்னார். டொல்பினையும் திமிங்கிலத்தையும் போலவே கடற்பசுவும் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். ஆனால் டொல்பினை உயிரோடு வைத்திருந்தால் கண்டக்குழியில் படகுக்குக் கூலி கிடைக்கிறது. கலங்கிய நீரில் ஒளிந்து மேய்ந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்செடுக்கும் கடற்பசுவைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. அது அழியாமலிருப்பதால் ஒரு மீனவருக்கு என்ன இலாபம் என்ற கேள்விக்கு அந்த இறங்குதுறையில் என்னிடம் பதில் இருக்கவில்லை. கிழிந்த வலைக்கு நட்டஈடு கொடுக்க ஓர் ஏற்பாடு இல்லாமல் சட்டம் மட்டும் போதாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஒன்று இரண்டு செத்தால் என்ன என்று மாமா கேட்டார். கணக்கைப் பாருங்கள். கடற்பசு முதல் குட்டி ஈனவே ஏறக்குறைய பத்து வயதாகும், சிலவற்றுக்கு அதற்கு மேலும். பதின்மூன்று மாதத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். ஒன்றரை வருடம் வரை பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடங்கள் ஆகும். எழுபது வயது வரை, அதாவது எங்கள் உம்மும்மாவின் வயது வரை வாழக்கூடிய பிராணி என்பதால்தான் இந்த மந்தமான கணக்கு இத்தனை காலம் சரிவந்தது. சிறு கூட்டத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தாய்கள் வலையில் பட்டாலே கணக்குப் பிழைத்துவிடும். இதன் இனத்தைச் சேர்ந்த, இதைவிடப் பன்மடங்கு பெரிய ஸ்டெல்லரின் கடற்பசு வட பசிபிக்கில் இருந்தது. 1741 இல் அதைப் பற்றிய முதல் குறிப்பு எழுதப்பட்டது. 1768 அளவில் ஒன்றும் மிஞ்சவில்லை. இருபத்தேழே வருடங்கள்.

நம் கடலுக்கு அப்பால், பாக்கு நீரிணையின் மறுகரையில், தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் தொடர்ச்சியான நீர். கடல் எல்லை மீனவர்களுக்குத்தான். கடற்பசுவுக்குப் புல் இருக்கும் இடமெல்லாம் ஊர். அந்த ஊரின் தென்கோடிகளில் ஒன்று நம் களப்பு.

"ஹலாலான சாமான்தானே" என்று மாமா விடவில்லை. ஷாபிஈ மத்ஹபில் கடல் உயிர்கள் பற்றிய சட்டம் விரிவானது, நம் முன்னோர் சாப்பிட்டதில் மார்க்கப் பிரச்சினை இருக்கவில்லை என்றார் வாப்பா. "ஆனா சாப்பிடலாம் எண்டா, முடியிற வரைக்கும் சாப்பிட வேணும் எண்டு அர்த்தமில்ல மச்சான்" என்றும் சொன்னார். அந்த முந்நூறு பேர் இலை தின்னும் பசியில் கரையொதுங்கியதை உண்டார்கள். நாங்கள் இறால் சாப்பிட்டுவிட்டு நின்றோம்.

தடம் எதுவும் தென்படவில்லை. புல் மட்டும் அசைந்தது.

திரும்பும்போது பாலாவிக்குக் கிட்ட உப்பளங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். களப்பின் வாய் வடக்கே இருக்கிறது, தெற்கு மூடியது. கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் வறண்ட மாதங்களில் குறைந்துவிடும். வெயில் நீரைக் குடிக்க, தென்கோடியில் உவர்ப்பு கடலைவிடவும் ஏறிவிடும். உப்பு விளைவது அதனால்தான். பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களோடு வரிசையாக நின்றன. வழியில் கண்டல் மரங்களை வெட்டி அமைத்து, நோய் வந்து கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குட்டைகளையும் கண்டோம். 1344 இல் இப்னு பதூதா வந்திறங்கிய கரை இது. கரையோரத்தில் கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததாக எழுதிவைத்தார். இன்று வந்தால் எதை எழுதுவார் என்று தங்கையும் மாமா மகளும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மஃரிபுக்குப் பின் உம்மும்மாவைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். டொல்பினைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். கடற்பசு என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார்.

"நாங்க தின்டிருக்கோம்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. ஏத்தாளையில் அவர் சிறுமியாக இருந்த காலத்தில் எப்போதாவது ஒன்று வலையில் படும். வெட்டி, பங்கு போட்டு வீடு வீடாக அனுப்புவார்கள். மீன் வாசனையே இராது, மாட்டிறைச்சி மாதிரி இருக்கும். ஒரு நாள் கரைக்குக் கொண்டுவந்ததைப் பார்க்க அவரும் அவருடைய உம்மாவும் போனார்களாம். உம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை. கத்தி வைத்தபோது அதன் மார்பிலிருந்து பால் வடிந்து ஈர மணலில் வெள்ளையாக ஓடியது. உம்மாவுக்கும் பங்கு கொடுத்தார்கள். ஓலைப்பெட்டியில் வாங்கிவந்து, அடுப்பு மூட்டாமல், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது சமைக்கப்படவில்லை.

"ருசி எப்பிடி உம்மும்மா?" என்று மாமா மகள் கேட்டாள்.

"ருசிதான்" என்றார். கொஞ்ச நேரம் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எங்களைப் பார்த்தார். "நீங்க இன்டைக்கு ஒண்டையாச்சும் கண்டீங்களா?"

இல்லை என்றோம்.